பன்னிரண்டு மில்லிமீட்டர் சிரிப்பு

ஆஸ்பத்திரிக்குக் கடுகடு தரவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எழுபது. உடைந்த தாடையை ஒட்டிய செலவு இதில் சேராது. அதைக் கிடங்கு முதலாளி கட்டிவிட்டார். பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து அடித்துத்தான் தாடை உடைந்தது, சங்கிலி அவருடையது, அதனால் அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. இந்தப் பாக்கி கடுகடு கேட்காத ஒன்றுக்கு.

"மில்லிமீட்டருக்கு மூவாயிரத்து நானூறு," என்றார் பில் போடுகிறவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய குரலே கண்ணாடிக்குள்ளிருந்து வருவதுபோல ஆகியிருந்தது. "மேல்தாடை முன்னாடி அஞ்சு, கீழ நாலு. கீழ்த்தாடை பின்னாடி மூணு. ஆக பன்னெண்டு. போட்டோ எடுத்ததுக்கு எண்ணூத்தி எழுபது."

கடுகடுவின் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் மனைவிதான் பேசினாள். அவள் ஒரு சலவைக்கூடத்தில் நாளெல்லாம் துணி தேய்க்கிறவள். கணக்கென்றால் பயம், ஆனால் அநியாயம் என்றால் பயமில்லை.

"பின்னாடி போனதுக்குமா காசு?"

"வண்டி ரிவர்ஸ்ல போனா டீசல் குடிக்காதாம்மா?"

"இவரு மூஞ்சிய மாத்தச் சொல்லி யாருங்க கேட்டா? உடைஞ்சத ஒட்டுங்கன்னுதானே கூட்டிட்டு வந்தோம்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "சம்மதம் இருக்கே. நோயாளி ரெண்டு தடவ தலையாட்டினார்னு எழுதியிருக்கு."

தலையாட்டியது உண்மைதான். சங்கிலி அடித்த அன்று, இதே கௌண்டருக்குப் பக்கத்து பெஞ்சில் அவனை உட்காரவைத்து, மோவாயிலிருந்து உச்சந்தலைவரை துணிக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடுகிற ஆள் நல்ல பலசாலி. துணியை இழுத்து இறுக்கும்போது கடுகடுவின் தலை மேலே போகும், முடிச்சுப் போட அழுத்தும்போது கீழே வரும். அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வந்து கையிலிருந்த தாளை வாசித்தார். "தங்கள் முகத்தோற்றம் மேம்படத் தங்களுக்கு விருப்பமா?" தலை மேலே போய்க் கீழே வந்தது. "முழு விருப்பமா?" அடுத்த முடிச்சும் விழுந்தது.

அந்த ஆண்டு ஆஸ்பத்திரியில் ஒரு கொள்கை வந்திருந்தது. ஒரு தாடையைத் திறந்தால் வெறுமனே மூடக்கூடாது. திறந்த கையோடு முகத்துக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுத்தான் மூட வேண்டும். இதற்கென்று மூன்றாவது மாடியில் முக இணக்கப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, வாசலில் செடிகூட வைத்திருந்தார்கள்.

கடுகடு என்பது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. முகம் வைத்த பெயர். கீழ்த்தாடை ஒரு விரற்கடை முன்னே தள்ளியிருக்கும். கீழ்ப்பல் மேற்பல்லை மூடியிருக்கும். உதடு இறுக்கிப் பூட்டிய பெட்டிபோல இருக்கும். பிறந்த கையோடு கடன் வசூலிக்கக் கிளம்பி வந்தவன்போல ஒரு பார்வை. அந்தப் பல்லால் வேர்க்கடலையை ஓட்டோடு உடைப்பான். ஆனால் ஆள் சாது. தெருவில் நாய் படுத்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவான். கோபம் முழுக்க முகத்தோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை.

இது கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியும். கணக்கருக்குத் தெரியாது. அதனால் கூலி குறைந்தாலும், லாரிக்கு ஆள் பற்றாவிட்டாலும், கையுறை கிழிந்தாலும் கடுகடுவைத்தான் முன்னே அனுப்புவார்கள். அவன் போய்க் கணக்கர் மேசைக்கு முன்னால் நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான், பேச அவனுக்கு வராது. கணக்கர் நிமிர்ந்து அந்த மோவாயைப் பார்ப்பார். பேனாவை மூடுவார். "சரி சரி, குடுத்துடறேன், போ," என்பார். மூட்டைக்காரர்கள் அத்தனை பேருடைய சோற்றுக்கும் அந்தத் தாடை கொஞ்சம் காவல்.

அந்தத் தாடையைத்தான் மூன்று மில்லிமீட்டர் பின்னே தள்ளினார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீக்கம் வடிந்த பிறகு தலைமை மருத்துவர் மாணவர் கூட்டத்தோடு வந்தார். கட்டிலருகே நின்று, கடுகடுவின் முகத்தை மேசைமேல் இருக்கும் படம்போல விரலால் சுட்டிப் பேசினார்.

"தாடைங்கறது அஸ்திவாரம். அஸ்திவாரத்த நகத்தினா மாடி சும்மா இருக்குமா? மேல்தாடைய முன்னாடி கொண்டுவந்தோம். பாருங்க, மூக்கு நுனி தூக்கிக்கிச்சு, மூக்குத்துளை விரிஞ்சுது, மேலுதடு ரொம்பிருச்சு, கன்னம் எழும்பிருச்சு. அதையே கீழ இறக்கினோம், பல்லு வெளிய வந்துச்சு. கீழ்த்தாடையப் பின்னாடி தள்ளினோம், அந்த முரட்டு மோவாய் காணாம போச்சு. இந்த ஆள்கிட்ட நேத்துவரைக்கும் தெருவுல ஒருத்தன் வழி கேட்டிருக்க மாட்டான். இனிமே கேப்பான்."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர், கடிக்கறப்ப பல்லு சேருமா?"

"கடிக்கறது வாய்க்குள்ள நடக்கற விஷயம். அத யாரு பாக்கப் போறாங்க?" என்றார் அவர் பொறுமையாக. "நாம முகப் பிரிவு. பல்லு சேரலேன்னா பல் பிரிவு இருக்கு, ரெண்டாவது மாடில. ஒரு நோயாளிய ரெண்டு பிரிவு பாக்கறதுதான் முழுமையான சிகிச்சை."

கம்பி அவிழ்த்த பிறகு கடுகடு இரண்டாவது மாடிக்கும் போனான். முகப் பிரிவு நகர்த்திய தாடையில் பல் பிரிவு கைவைக்காது என்று அங்கே பலகை மாட்டியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், ஏன் என்று கேட்க மூன்றாவது மாடிக்குப் போகவும் என்று இருந்தது.

வீட்டில் அவன் மனைவி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு சேரவில்லை. மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிந்தது. கன்னம் மேலே ஏறிக் கண்ணுக்குக் கீழே சிரிப்பு மடிப்பு விழுந்திருந்தது. யாரோ நல்ல செய்தி சொல்லி அதைக் கேட்டு முடித்தவன்போல இருந்தான்.

"சிரிக்காதீங்க," என்றாள்.

"சிரிக்கல."

சேராத உதட்டில் பாதி எழுத்து காற்றாகப் போனது. அவள் புரிந்துகொண்டாள். ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துக் கரண்டியால் மசித்துக் கொடுத்தாள். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அவளுடைய விரல் நுழையும் இடைவெளி இருந்தது. கீழுதடு மரத்துப் போயிருந்ததால் மோவாயில் வழிந்தது அவனுக்குத் தெரியவில்லை. துண்டால் துடைத்துவிட்டாள்.

"பத்து வருஷமா உங்க மூஞ்சியப் பாத்து எம் பக்கத்து வீட்டுக்காரிங்க எல்லாம் என்னப் பாவம்னாங்க. இப்ப உங்ககிட்ட ஒரு சண்ட போடக்கூட முடியல. திட்டினா சிரிக்கறீங்க."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். பக்கவாட்டில் பார்த்தாலும் சிரிப்புதான்.

ஊறிய ரொட்டியைத் தின்று மூட்டை தூக்குவது பெரும்பாடு. உடம்பு இளைத்தது. ஆனால் கிடங்கில் எல்லாரும் அவனுக்கு நல்ல காலம் என்று நினைத்தார்கள். லாரி டிரைவர்கள் வலிய வந்து பேசினார்கள். அறிமுகமில்லாத ஆள் பீடி கேட்டான். தெருவில் இரண்டு பேர் வழி கேட்டார்கள். தலைமை மருத்துவர் சொன்னதில் அது மட்டும் அப்படியே பலித்தது.

அவனோடு ஜோடி போட்டு மூட்டை தூக்குகிறவன் நெட்டை. ஆள் உயரம், வாயும் நீளம். கடுகடுவை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். புது முகத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவன்தான்.

"அண்ணே, அந்தச் சங்கிலியப் பாத்தியா? உன்ன அடிச்ச அதே சங்கிலி. அறுந்த கண்ணிய இரும்புக் கம்பியால சுத்தி வச்சிருக்கானுங்க. எம் பொண்டாட்டி ஜாக்கெட்டுக்கு ஊக்கு குத்தற மாதிரி. நீ போய்க் கணக்கர் முன்னாடி ஒரு நிமிஷம் நில்லு, போதும்."

"இந்த மூஞ்சியோடயா?"

"மூஞ்சி மாறினா என்ன, ஆளு நீதானே. போ."

கடுகடு போனான். மேசைக்கு முன்னால் வழக்கம்போல நின்றான். கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடவில்லை. அவருடைய முகமும் மலர்ந்தது.

"அடடே, வா வா. ஆஸ்பத்திரில நல்லாத்தான் கவனிச்சிருக்காங்க. எவ்வளவு லட்சணமா ஆயிட்ட."

கடுகடு மேலே தொங்கும் சங்கிலியைக் காட்டினான். "மாத்தணும். அறுந்துரும்."

"என்னது?"

இன்னொரு தடவை சொன்னான். கணக்கருக்குப் புரிந்தது. நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "முன்னெல்லாம் நீ வந்து நின்னா எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்காது. இப்பப் பாரு, அறுந்துரும்னு சிரிச்சுகிட்டே சொல்றான். அவசரம்னா இப்படியா சொல்லுவாங்க? வருஷக் கடைசில பாப்போம்."

அந்த வாரம் எல்லாருடைய கூலியிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். கடுகடு போய் நின்றான். சிரித்த முகத்தோடு வந்து கேட்டதற்காகக் கணக்கர் அவனுக்கு ஒரு தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பிடித்ததைக் கொடுக்கவில்லை.

வருஷக் கடைசி வருமுன் சங்கிலி அறுந்தது. இம்முறை கொக்கி கடுகடுவின் பக்கம் வரவில்லை, நெட்டையின் பக்கம் வந்தது. தாடையில் படவில்லை. தாடையில் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பான்.

நெட்டையை வீட்டு முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. தலைமாட்டில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் வரிசையாகப் போய் நின்று, குனிந்து, நகர்ந்தார்கள். கடுகடு வாசலிலேயே நின்றான். துண்டால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போகலாம் என்று நினைத்தான். ஆனால் சாவு வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதுபோல இருக்கும் என்று தோன்றியது. துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் நிமிர்ந்தாள். அழுது அழுது கண் சரியாகத் தெரியாத நேரம். பார்த்தாள்.

"ஏண்ணே சிரிக்கறீங்க?" என்றாள்.

கேள்விதான் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே ஏதாவது காரணம் இருக்கும் என்று எதிர்பார்த்தவள்போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டையின் தம்பி வந்து கடுகடுவின் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று கடுகடுவுக்கு இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரே வார்த்தை சொன்னான். "திருப்பி வைக்கச் சொல்லப்போறேன்."

அவளுக்கு எதைத் திருப்பி வைக்க என்று விளங்கியது. "பன்னெண்டு மில்லிமீட்டரையுமா?"

"அத்தனையும்."

"பாக்கிய என்ன பண்றது?"

"இன்னும் ரெண்டு பங்கானாலும் கட்டறேன். மூட்டை தூக்கித் தூக்கிக் கட்டறேன்."

அவள் அவன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். காலர் மடிப்பு விறைப்பாக நின்றது. "பழைய மூஞ்சியோட வந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்," என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நகர்த்திய தாடையைத் திருப்பி வைக்க ஒரு முறை இருந்தது. எழுதிக் கொடுத்தால் போதாது. நிறைவு மதிப்பீட்டுக் குழு நோயாளியைப் பார்த்து, அவருக்கு நிறைவில்லை என்று சான்று தர வேண்டும். அதன் பிறகே முக இணக்கப் பிரிவு கத்தியை எடுக்கும். கடுகடு காத்திருந்து உள்ளே போனான்.

நீளமான மேசை. நடுவில் தலைமை மருத்துவர். தான் செய்த வேலையைத் தானே மதிப்பிடுவது அவருக்குச் சிரமமாக இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிர்வாக அதிகாரியம்மா, மூக்குக்கண்ணாடியும் புன்னகையுமாக. மேசை ஓரத்தில் ஒரு மெலிந்த மனிதர், கையில் எஃகு அளவுகோலுடன். அவரை அளவர் என்று கூப்பிட்டார்கள்.

"எனக்கு நிறைவு இல்லீங்க ஐயா," என்றான் கடுகடு. சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தான். "கடிக்க முடியல. உதடு மூடல. வேலை கெட்டுது. ஒருத்தன் செத்துட்டான். பழைய மாதிரி வச்சிருங்க."

நிர்வாக அதிகாரியம்மா கனிவாகக் கை உயர்த்தினார். "நீங்க சிரமப்பட்டுப் பேச வேண்டாம். வாய் சொல்றத நாங்க கணக்குல எடுக்கறதில்ல."

"ஏங்க?"

"அந்த வாயே நாங்க செஞ்சதாச்சே. நாங்க செஞ்ச வாய் எங்களப் பத்தி எப்படி நடுநிலையா சாட்சி சொல்லும்? நல்லதச் சொன்னாலும் நாங்க ஏத்துக்கமாட்டோம். அவ்வளவு நேர்மையா இருக்கோம்."

தலைமை மருத்துவர் ஆமோதித்தார். அதிகாரியம்மா தொடர்ந்தார்.

"முன்னெல்லாம் நோயாளிகளக் கேட்டுத்தான் எழுதினோம். ஒருத்தர் வலிக்குதும்பார், ஒருத்தர் மரத்துப்போச்சும்பார், ஒருத்தர் எம் பொண்ணு என்னை அடையாளம் கண்டுபிடிக்கலன்னு அழுவார். ஆளுக்கொண்ணு சொன்னா எப்படிக் கணக்கு வைக்கறது? அதனாலதான் அளவு கொண்டுவந்தோம். எத்தன பல்லு, எவ்வளவு தெரியுது. அளவு வந்ததுக்கப்புறம் ஒரு புகார்கூடப் பதிவாகல."

அளவர் எழுந்து வந்தார். அளவுகோலை மேலுதட்டுக்குக் கீழே வைத்தார். அவருடைய விரல் குளிர்ச்சியாக இருந்தது.

"ஏழு."

"ஆறுக்கு மேல போனாலே பூரண நிறைவு," என்றார் அதிகாரியம்மா, பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் தேறியதுபோல.

"நான் சிரிக்கல," என்றான் கடுகடு.

"ரொம்ப அடக்கமானவர்," என்று அவர் தலைமை மருத்துவரிடம் சொன்னார்.

கடுகடு உதட்டை மூட முயன்றான். இரண்டு உதட்டையும் பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சேர்த்தான். மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோலாகக் குழிகுழியாக நடுங்கியது. கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அளவர் குனிந்து பார்த்துவிட்டு எழுதினார். "அடக்கிய சிரிப்பு."

"அது பூரணத்த விட ஒரு படி மேல," என்றார் தலைமை மருத்துவர். "தாங்க முடியாத அளவுக்கு நிறைவு இருந்தாத்தான் அடக்கணும்னே தோணும்."

உதடு பிய்த்துக்கொண்டு விலகியது. ஏழு மில்லிமீட்டரும் திரும்ப வந்தன. கடுகடு மேசையின் விளிம்பைப் பார்த்தான். கட்டிலுக்கு வெளியே நீண்ட கால் நினைவுக்கு வந்தது. ஏண்ணே சிரிக்கறீங்க என்ற குரல் வந்தது. அதற்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

அளவர்தான் முதலில் கண்டார். "ஐயா, கண்ணு."

தண்ணீர் இறங்கி, உயர்ந்த கன்னத்தின் மேல் வழுக்கி, பல்லின் மேல் பட்டு, மரத்த உதட்டைத் தாண்டி மோவாயில் சொட்டியது. அது வழிவது அவனுக்குக் கன்னம்வரைதான் தெரிந்தது.

தலைமை மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனந்தக் கண்ணீர்," என்றார் தலைமை மருத்துவர். "விதிமுறை எழுதறப்ப நானே சேத்த பிரிவு. இதெல்லாம் வராது, எடுத்துடலாம்னு சொன்னாங்க. நான்தான் விடல."

"அழறேன் ஐயா," என்றான் கடுகடு.

"தெரியுது. எங்களுக்கும் நெஞ்சு ரொம்பிப் போச்சு. யாராவது போட்டோக்காரரக் கூப்பிடுங்க, காயறதுக்குள்ள."

போட்டோக்காரர் ஓடி வந்தார். துடைக்காதீங்க துடைக்காதீங்க என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். வெளிச்சம் மின்னியது. ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில், ஒன்று தலைமை மருத்துவரின் கை தோள்மேல் இருக்க. கடைசிப் படத்தில் கடுகடு அந்தக் கையைத் தள்ளப் பார்த்தான். அது, நன்றியோடு பற்றிக்கொண்டதாக வந்திருந்தது.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு அதிகாரியம்மா குழுவின் முடிவை வாசித்தார். ஆனந்தக் கண்ணீர்ப் பிரிவில் தேறிய நோயாளியின் படத்தை ஆஸ்பத்திரி எல்லா வாசல்களிலும் வைத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக அவருடைய பாக்கி முழுவதும் தள்ளுபடி.

"பாக்கிய நான் கட்டறேன். தாடைய மாத்துங்க," என்றான் கடுகடு.

"அதெப்படி முடியும்?" தலைமை மருத்துவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "நிறைவுல இதுக்கு மேல படியே கிடையாது. படியே இல்லாத எடத்துல திருத்தம் எங்க செய்யறது? அதோட, படம் வாசல்ல இருக்கறவரைக்கும் படமும் ஆளும் ஒண்ணா இருக்கணும். நாளைக்கே நீங்க வேற மூஞ்சியோட நடந்தீங்கன்னா எங்க பேச்ச யாரு நம்புவா? நாங்க பாக்கறது உங்க நல்லத மட்டுமில்ல. வரப்போற நோயாளிங்க நல்லதயும் பாக்கணும்."

விண்ணப்பத்தின் மேல் திருத்த ஏதுமில்லை என்று முத்திரை விழுந்தது.

கீழே வந்தான். கௌண்டரில் வரிசை இருந்தது. பில் போடுகிறவர் அவனைக் கண்டதும் கை காட்டினார். மேலிருந்து செய்தி முன்னாலேயே வந்திருக்க வேண்டும். "ரெண்டு நிமிஷம் இருங்க. உங்களோடது ஒண்ணு அடிக்க வேண்டியிருக்கு," என்று கணக்கை எடுத்தார்.

பக்கத்து பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கல்லுடைக்கிறவன்போல. தலைமுடியிலும் இமையிலும் வெள்ளைத் தூசி. வாய் ஒரு பக்கம் கோணி, மோவாய் வீங்கி, சட்டையில் ரத்தம். பின்னால் அதே பலசாலி துணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். அதே நர்ஸ் தாளோடு வந்து நின்றார்.

"தங்கள் முகத்தோற்றம் மேம்படத் தங்களுக்கு..."

கடுகடு வரிசையை விட்டு வந்தான். கல்லுடைக்கிறவனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூட்டை தூக்கிய கை. துணி இழுபட்டது, தலை அசையவில்லை. கட்டுப் போடுகிறவன் இன்னொரு தடவை இழுத்தான். அப்போதும் அசையவில்லை.

"யாருங்க நீங்க? விடுங்க அவர," என்றார் நர்ஸ்.

கடுகடு அவரைப் பார்க்கவில்லை. குனிந்து கல்லுடைக்கிறவனின் காதருகே சொன்னான். வேண்டாம்னு சொல்லு. ஒட்ட மட்டும் சொல்லு. ஆனால் சேராத உதட்டிலிருந்து அவன் காதில் விழுந்தது காற்றும் எச்சிலும்தான். அவன் பயந்துபோய்க் கண்ணை உயர்த்தினான்.

ஒரு சாண் தூரத்தில் ஒரு முகம். பல் தெரிய, கன்னம் உயர, கண்ணீர் காயாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

நர்ஸுக்கும் அப்போதுதான் முகம் பிடிபட்டது. அவருடைய குரல் இளகியது. "ஓ, நீங்களா. இவரும் இங்கதான் செஞ்சுகிட்டார். பாருங்க, எப்படி இருக்கார்."

கல்லுடைக்கிறவன் பார்த்தான். வலியில் கலங்கிய கண்ணால், நிதானமாக, வெகுநேரம் பார்த்தான். கடுகடு வேண்டாம் வேண்டாம் என்று தலையை இடவலமாக ஆட்டினான். தாங்க முடியாத சந்தோஷத்தில் ஆட்டுகிறவர்களும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அந்தத் தலை அசைந்தது. கட்டுப் போடுகிறவன் துணியை இழுக்கவில்லை. அது தானாகவே அசைந்தது. கடுகடு இறுக்கிப் பிடித்துப் பார்த்தான். அவன் எத்தனையோ பாரத்தைப் பிடித்து நிறுத்தியவன். அந்தத் தலை அவன் கையை மீறிக் கீழே போய், மேலே வந்தது.

"முழு விருப்பமா?" என்று நர்ஸ் கேட்டார்.

இரண்டாவது தடவை கடுகடு கையை எடுத்துவிட்டான்.

"இங்க வாங்க," என்று பில் போடுகிறவர் கூப்பிட்டார். நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எழுபதைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பாக்கி ஏதும் இல்லை என்று எழுதி, முத்திரை குத்தி, கண்ணாடிக்குக் கீழே நகர்த்தினார். கடுகடு தாளை எடுத்து மடித்து, மனைவி தேய்த்துக் கொடுத்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கணக்கு முடிந்து போகிறவர்களிடம் சந்தோஷமாப் போயிட்டு வாங்க என்று சொல்வது பில் போடுகிறவரின் வழக்கம். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். தேவையில்லை என்று விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.